அல்-ஜப்ர் முதல் அல்ஜீப்ரா வரை

அல்ஜீப்ரா என்ற பெயர் ஒரு நூலின் தலைப்பிலிருந்து பிறந்தது. கலீபா அல்-மாமூன் (ஆட்சிக்காலம் 813–833) பாக்தாதை ஆண்டபோது, முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் 'அல்-ஜப்ர்', 'அல்-முகாபலா' என்ற இரு முறைகளால் கணக்குப் போடுவதைப் பற்றி அரபு மொழியில் ஒரு சுருக்கமான நூல் எழுதினார். வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காகவே அதை எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். நூலின் பிற்பகுதி முழுக்க உயில், சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள்தான்.

'ஜப்ர்' என்றால் உடைந்ததைப் பொருத்துதல், குறைந்ததை நிரப்புதல் என்று பொருள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டும் வைத்தியத்துக்கும் அதுவே பெயர். எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் சிம்புக்கு அரபியில் 'ஜபீரா' என்பார்கள். 'முகாபலா' என்றால் நேருக்கு நேர் வைத்தல், ஈடுகட்டுதல்.

இரண்டும் கணக்கில் எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்நூலின் ஒரு கணக்கே காட்டும். பத்தை இரு கூறாகப் பிரிக்க வேண்டும். கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 58 வர வேண்டும். தெரியாத கூறை அல்-குவாரிஸ்மி 'பொருள்' (ஷய்) என்கிறார். மற்ற கூறு, பத்தில் ஒரு பொருள் குறைந்தது. வர்க்கங்களைக் கூட்டினால், நூறும் இரண்டு வர்க்கமும் சேர்ந்ததில் இருபது பொருள் குறைந்தது 58-க்குச் சமம். இடப்பக்கம் இருபது பொருள் குறைபட்டு நிற்கிறது. இரு பக்கமும் இருபது பொருளைக் கூட்டினால் அந்தக் குறை நிரம்புகிறது: நூறும் இரண்டு வர்க்கமும், 58-ம் இருபது பொருளும் சமம். இதுதான் ஜப்ர். எல்லாவற்றையும் பாதியாக்கினால் ஐம்பதும் ஒரு வர்க்கமும், 29-ம் பத்துப் பொருளும் சமம். இரு பக்கமும் எண்கள் இருப்பதால் 29-ஐ இரண்டிலும் கழித்துவிடலாம், இது முகாபலா. மிஞ்சுவது, 21-ம் ஒரு வர்க்கமும் பத்துப் பொருளுக்குச் சமம் என்பது. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதில் 21 போக 4, அதன் மூலம் 2. ஐந்தில் இரண்டு போக 3. ஆகவே கூறுகள் மூன்றும் ஏழும். குறியீடு ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் சொற்களாலேயே எழுதப்பட்டிருப்பதுதான் இன்றைய வாசகரை வியக்க வைக்கும்.

பெயர் பாக்தாதில் பிறந்தாலும் வித்தை அதற்கு முந்தியது. 628-இல் இந்தியாவில் பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாடுகளுக்கு விதி தந்துவிட்டார். அதே மரபில் பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் 'பீஜகணிதம்' எழுதிய பாஸ்கரர், தெரியாத எண்கள் பல வரும்போது கருப்பு, நீலம், மஞ்சள் என்று அவற்றுக்கு நிறங்களின் பெயரைச் சூட்டினார்.

1145-இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் அல்-குவாரிஸ்மியின் நூலை லத்தீனில் பெயர்த்தபோது, தலைப்பிலிருந்த அரபுச் சொற்கள் இரண்டையும் லத்தீன் உருவில் அப்படியே வைத்துக்கொண்டார். நாளடைவில் 'முகாபலா' உதிர்ந்தது. ஒரே ஒரு படியின் பெயர் முழுக் கலைக்கும் பெயராயிற்று. வைத்தியப் பொருளும் கூடவே பயணம் செய்தது. ஸ்பானிய மொழியில் எலும்பு கட்டுபவருக்கு 'அல்ஹெப்ரிஸ்தா' என்று பெயர்; 1615-இல் வெளியான 'தோன் கிஹோத்தே' நாவலின் இரண்டாம் பாகத்தில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டவருக்கு வைத்தியம் செய்வது அப்படி ஒருவர்தான். சொல்லின் மூலம் மறந்துபோன ஐரோப்பியர் சிலர், கெபர் என்ற அரபு அறிஞரின் பெயரிலிருந்து அது வந்ததாக நம்பினார்கள். அது தவறு. அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து உண்மையில் வந்த சொல் 'அல்காரிதம்'.

தெரியாத எண்ணைக் குறித்த 'ஷய்' (பொருள்) என்ற அரபுச் சொல் இத்தாலியில் 'கோசா' என்று பெயர்க்கப்பட்டது. ஜெர்மானியர் அந்தக் கலையையே 'கோஸ்' என்றார்கள். 1591-இல் பிரெஞ்சுக்காரரான வியெத் தெரிந்த எண்களுக்கும் தெரியாத எண்களுக்கும் எழுத்துகளைப் பயன்படுத்தினார். அல்ஜீப்ரா என்ற பெயர் பிடிக்காத அவர் 'பகுப்பாய்வு' என்ற பெயரை விரும்பினார். ஊர் அதை ஏற்கவில்லை. எழுத்தால் போடும் கணக்கு என்ற கருத்து, இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'அட்சரகணிதம்' என்ற பெயரில் நிற்கிறது. தமிழ்நாட்டில் அது இயற்கணிதம்.

19-ஆம் நூற்றாண்டில் அல்ஜீப்ரா என்ற சொல்லின் பொருள் மறுபடி விரிந்தது. 1843-இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன்கள் என்ற புதுவகை எண்களில் பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடை மாறும். 1847-இல் பூல் தர்க்கத்தையே கணக்காக எழுதினார். எண்கள்தான் வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று, விதிகளே ஆய்வுப்பொருளாயின. எமி நோதர், எமில் ஆர்டின் ஆகியோரின் விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு வான் டெர் வார்டன் எழுதிய 'நவீன அல்ஜீப்ரா' 1930-இல் வெளிவரத் தொடங்கியபோது, குலங்கள், வளையங்கள், களங்கள் ஆகிய அமைப்புகளைப் பற்றிய துறைக்கு அல்ஜீப்ரா என்ற பெயர் நிலைத்தது.