திபெத்திய அகதிகளின் கல்வி (இந்தியா)

1959 மார்ச் இறுதியில் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர் வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக இந்தியாவில் உருவான தனிப்பள்ளிகளைப் பற்றியது இக்கட்டுரை.

தோற்றம்

1959 ஏப்ரலில் முசூரியில் தலாய் லாமாவைச் சந்தித்த பிரதமர் நேரு, அகதிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்றும் அவற்றின் செலவை இந்திய அரசே ஏற்கும் என்றும் உறுதியளித்தார். ஊர்ப் பள்ளிகளில் சேர்த்துவிடுவது அரசுக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் ஒரு தலைமுறைக்குள் அவர்களுடைய மொழி கரைந்துபோயிருக்கும். முதல் பள்ளி 1960 மார்ச் 3 அன்று முசூரியில் 50 மாணவர்களுடன் தொடங்கியது. அவர்களில் பலர் வளர்ந்த இளைஞர்கள்.

பெற்றோரில் பெரும்பகுதியினர் இமயமலைப் பகுதிகளில் சாலை போடும் வேலைக்குச் சென்றனர். கூடார வாழ்க்கையிலும் பழகாத வெப்பத்திலும் குழந்தைகள் நோயுற்று மடிந்தனர். 1960 மே 17 அன்று ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் நோயும் பட்டினியுமாகத் தரம்சாலா வந்து சேர்ந்தனர். தலாய் லாமாவின் மூத்த சகோதரி செரிங் டோல்மா அவர்களைப் பொறுப்பேற்றுக் கொண்டார். இந்தக் காப்பகமே பின்னர் திபெத்தியக் குழந்தைகள் கிராமமாக வளர்ந்தது. 1964இல் அவர் மறைந்தபின் தங்கை ஜெட்சுன் பெமா தலைமையேற்று 2006 வரை நடத்தினார். இங்கே விடுதி அறைகளுக்குப் பதில் வீடுகள் உண்டு. வீட்டுக்கு ஒரு வளர்ப்புத் தாய். மூத்த பிள்ளைகள் இளையவர்களைப் பார்த்துக்கொள்வர்; சமையலிலும் கைகொடுப்பர். தாய்தந்தையரைப் பிரிந்த பிள்ளைக்குப் பாடத்தைவிட முதலில் வேண்டியது இதுதான்.

1961இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் திபெத்தியப் பள்ளிகளுக்கெனத் தனி அமைப்பு நிறுவப்பட்டது. கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்டகோடு குடியிருப்புகளிலும் பள்ளிகள் எழுந்தன.

பயிற்றுமொழி

தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. 1985 முதல் குழந்தைகள் கிராமப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் படிப்படியாகத் திபெத்திய மொழிக்கு மாறின. கணக்குக்கும் அறிவியலுக்கும் கலைச்சொற்களை உருவாக்கிப் பாடநூல்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தாவும்போது மாணவர் தடுமாறுவதாகச் சிலர் கூறுவர். ஆனால் தாய்மொழியில் இட்ட அடித்தளமே சரியானது. மேல்வகுப்புகளில் மத்திய வாரியத்தின் (சிபிஎஸ்இ) பாடத்திட்டமே பின்பற்றப்படுகிறது.

இன்றைய நிலை

2008க்குப் பின் சீனா எல்லைக் காவலை இறுக்கியதால் திபெத்திலிருந்து வரும் பிள்ளைகள் மிகவும் குறைந்தனர். குடும்பங்கள் மேலை நாடுகளுக்கும் பெயர்கின்றன. பள்ளிகளில் சேர்க்கை சரிகிறது. இந்தியக் குடியுரிமை பெறாத பட்டதாரிகளுக்கு அரசு வேலைகள் பொதுவாகக் கிடைப்பதில்லை.