தஞ்சை மண்ணில் எந்தப் பூ நிற்கும்?

சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பா அரை ஏக்கர் நஞ்சையில் நெல்லை விட்டுவிட்டு மல்லிகை வைத்தார். மதுரைப் பக்கம் மல்லியில் காசு பார்க்கிறார்கள், நமக்கென்ன என்பது அவர் கணக்கு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மறு வருடம் பழையபடி நெல்தான். "நல்ல ரகமாப் பாத்துத்தானே வாங்கினேன்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். ரகம் நல்லதுதான். ஆனால் எந்த மண்ணுக்கு நல்லது? தஞ்சைப் பூக்களின் வரலாற்றைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கிறது நண்பர்களே.

முதலில் கோயிலுக்குப் போவோம். நந்தவனம் வைக்க நிலம் கொடுத்த செய்திகள் சோழர் கல்வெட்டுகளில் நிறைய உண்டு. செங்கழுநீர் பயிரிட ஏற்பாடு செய்த செய்திகளும் வருகின்றன. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று இன்றும் சொல்வார்கள். ஒரு வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். அப்படியானால் ஒரு பூவின் பெயரில் மட்டும் 33 ஏக்கர்! இதில் ஆச்சரியமில்லை. வாய்க்காலும் குளமும் நிறைந்த ஊரில் செங்கழுநீர், தாமரை, அல்லி போன்ற நீர்ப்பூக்கள் தானாகவே செழிக்கும். அந்தக் காலத்தவர்கள் மண்ணோடு சண்டை போடவில்லை.

அடுத்து கப்பலில் வந்த பூக்கள். துலுக்கச் சாமந்தி, நிலச்சம்பங்கி, வாடாமல்லி மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அவை உலகம் சுற்ற ஆரம்பித்தன. அதாவது 1010-ல் ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது இந்த மூன்றும் தஞ்சையில் கிடையாது. இன்று இவை இல்லாத பூக்கடை உண்டா? துலுக்கச் சாமந்தி நட்ட இரண்டு மாதத்தில் பூத்துவிடும். இரண்டு மழைக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியே அதற்குப் போதும். அதனால்தான் அது இங்கே நிலைத்தது.

தஞ்சாவூர்க் கதம்பத்தில் நிறம் கொடுக்கும் கனகாம்பரம் நம் பக்கத்துச் செடிதான். வாசனை கிடையாது, ஆனால் சீக்கிரம் வாடாது. இதில் டெல்லிக் கனகாம்பரம் என்ற ரகம் விதை பிடிக்காது. கிளையை வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

மல்லிகை விஷயம் வேறு. அதன் வேருக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மேட்டூர் அணை திறந்து நெல் வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் களிமண் அதற்கு ஆகவே ஆகாது. காவிரிக் கரையோரம் வண்டல் படிந்த படுகை நிலம் என்றால் தண்ணீர் வடிந்துவிடும், அங்கே மல்லி வரும். ஆக ஒரே ஊரில் அரை மைல் தள்ளினால் விளைச்சலே மாறிவிடும்.

இப்போது ரகங்களுக்கு வருவோம். நெல்லுக்கு நம் டெல்டாவிலேயே ஆடுதுறையில் 1922 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறை என்ற பெயரிலேயே எத்தனையோ நெல் ரகங்கள் வந்துவிட்டன. ஆனால் பெயர் பெற்ற முல்லை, பிச்சி ரகங்களுக்குக் 'கோ' என்றுதான் பெயர், அதாவது கோயம்புத்தூர். அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டவை அவை. கோ.1 முல்லை ஹெக்டேருக்கு சுமார் 9 டன், கோ.2 முல்லை சுமார் 11 டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயரில் பாரிமுல்லை என்றும் ஒரு ரகம் உண்டு. மகசூல் இவற்றைவிடக் குறைவு, ஆனால் இலையில் முடிச்சு போட வைக்கும் சிலந்தியைத் தாங்கும்.

இந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் வடிகால் நன்றாக இருக்கும் நிலத்துக்குத்தான் அவை பொருந்தும். நெல் பொய்த்தால் ஒரு போகம்தான் நஷ்டம். மல்லிச் செடியோ பத்துப் பதினைந்து வருடம் நின்று காய்ச்சல் கொடுக்காமல் பூக்க வேண்டியது. இடம் தப்பினால் வைத்த முதல் அத்தனையும் போய்விடும்.

பெரியப்பா பத்துச் செடியை மட்டும் முதலில் வைத்து ஒரு மழைக்காலம் பார்த்திருந்தால் மண்ணே பதில் சொல்லியிருக்கும். செங்கழுநீர் ஓடை வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நாம்தான் மறந்துவிட்டோம்.