பேரண்டத்தின் தொலை எதிர்காலம்

பேரண்டத்தின் தொலை எதிர்காலம் என்பது அண்டவியலின் ஒரு பிரிவு. சூரியன், விண்மீன்கள், விண்மீன் மண்டலங்கள், கருந்துளைகள், கடைசியாகப் பொருளின் அடிப்படைத் துகள்கள் ஆகியவை காலப்போக்கில் எந்நிலையை அடையும் என்பதை இன்று அறியப்பட்ட இயற்பியல் விதிகளைக் கொண்டு இது கணிக்கிறது. பேரண்டம் தோன்றி சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. விண்மீன்கள் ஒளிரும் காலம் இன்னும் ஒரு கோடி கோடி ஆண்டுகள் வரை நீளக்கூடும். அந்த அளவுகோலில் நாம் வாழ்வது பேரண்டத்தின் இளமைக்காலத்தில்.

இக்கணிப்புகளின் முடிவுகள் எட்டாத் தொலைவில் இருந்தாலும் அவற்றின் அடிப்படைகள் இன்றைய தொலைநோக்கிகளாலும் நிலத்தடி ஆய்வகங்களாலும் சோதிக்கப்படுகின்றன. பூமியில் உயிர் வாழத்தக்க காலம் எவ்வளவு, மனிதராகிய நாம் அதில் எங்கே நிற்கிறோம் என்பதையும் இத்துறையே அளந்து சொல்கிறது.

ஆய்வு வரலாறு

இக்கேள்வி அறிவியலுக்குள் நுழைந்தது நீராவி எந்திரங்களின் காலத்தில். 1852இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு), பயன்படுத்தத்தக்க ஆற்றல் இயற்கையில் ஓயாமல் வீணாகிறது என்று எழுதினார். 1854இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பேரண்டம் முழுமைக்கும் விரித்தார். எங்கும் வெப்பநிலை சமமாகிவிட்டால் அதன்பின் எந்த மாற்றமும் நிகழ வழியில்லை. இந்நிலைக்கு ‘வெப்ப இறப்பு’ என்று பெயர். 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்ற அளவைப் பெயரிட்டு இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார்.

20ஆம் நூற்றாண்டில் கேள்வியின் வடிவம் மாறியது. பேரண்டம் விரிவடைகிறது என்பதை 1927இல் பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ரும் 1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிளும் காட்டினர். விரிவு என்றும் தொடருமா, ஈர்ப்பு விசை அதை நிறுத்திச் சுருக்குமா என்பதே பல பத்தாண்டுகள் மையக் கேள்வியாக இருந்தது.

விரிந்துகொண்டே போகும் பேரண்டத்தில் பொருளுக்கு என்ன ஆகும் என்று முதலில் முறையாகக் கணக்கிட்டவர்களுள் ஒருவர் வங்கதேச இயற்பியலாளர் ஜமால் நஸ்ருல் இஸ்லாம். 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், 1983இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலும் இத்துறையின் முன்னோடி ஆக்கங்கள். 1979இல் ஃப்ரீமன் டைசன், குளிர்ந்துபோன பேரண்டத்திலும் அறிவுள்ள உயிர் தன் செயல்களை மெதுவாக்கிக்கொண்டு நீடிக்க முடியுமா என்று ஆராய்ந்தார். பேரண்ட வரலாற்றை ஐந்து யுகங்களாகப் பகுக்கும் முறை ஃப்ரெட் ஆடம்ஸ், கிரிகரி லாஃப்லின் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தது.

முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றல்

1998இல் இரு ஆய்வுக் குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் விண்மீன்களை) அளந்து, பேரண்டத்தின் விரிவு வேகமெடுத்து வருகிறது என்று கண்டன. விரிவின் வேகம் குறைந்துவருகிறது என்ற எதிர்பார்ப்பை இது தலைகீழாக்கியது. சால் பெர்ல்முட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேகமெடுப்புக்குக் காரணமாகக் கருதப்படுவது இருண்ட ஆற்றல். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் இது சுமார் 68 சதவீதம். இருண்ட பொருள் 27 சதவீதம். நாமும் பூமியும் எல்லா விண்மீன்களும் உருவான சாதாரணப் பொருள் 5 சதவீதமே. இருண்ட ஆற்றல் என்றும் மாறாமல் இருக்கிறதா, காலத்தோடு வலுக்கிறதா, தளர்கிறதா என்பதைப் பொறுத்தே பேரண்டத்தின் முடிவு அமையும்.

சூரியனும் பூமியும்

சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். அது பிறந்தபோது இன்றைய பிரகாசத்தில் ஏறத்தாழ 70 சதவீதமே இருந்தது. மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாற மாற, மையம் இறுகிச் சூடேறுகிறது. அதனால் 100 கோடி ஆண்டுகளுக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் சூரியன் பிரகாசமாகிறது.

பூமியின் முடிவு இங்கிருந்து தொடங்கும். வெப்பம் கூடினால் பாறைகளின் வேதிச்சிதைவு விரைவுபட்டு, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு நீண்டகாலப் போக்கில் கல்லாகிப் படியும். ஒரு கட்டத்தில் தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யப் போதிய கார்பன் டைஆக்சைடு இராது. இது நிகழ 60 கோடி ஆண்டுகள் ஆகும் என்றும், 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் கடல்நீர் பெருமளவில் ஆவியாகி, நீராவி மேல்வளிமண்டலத்தில் சிதைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பத் தொடங்கும். பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இக்கணக்கின்படி, இங்கே உயிருக்கு வாய்த்த காலத்தில் முக்கால் பங்கு கழிந்துவிட்டது.

சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியன் சிவப்புப் பேருருவாக வீங்கத் தொடங்கும். புதன், வெள்ளி ஆகியவற்றை அது விழுங்கிவிடும். பூமியும் தப்பாது என்று 2008இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டுகிறது. இறுதியில் வெளியடுக்குகளை உதறிவிட்டு, இன்றைய நிறையில் ஏறத்தாழப் பாதியும் பூமியின் அளவும் கொண்ட வெண்குறுமீனாகச் சூரியன் எஞ்சும்.

ஒரு வெண்குறுமீன் அதிகபட்சம் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பதைக் கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் 19 வயதில் அவர் தொடங்கிய கணக்கு, சூரிய நிறையைப் போல் 1.4 மடங்கு என்ற எல்லையைத் தந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விலகும் விண்மீன் மண்டலங்கள்

சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆந்திரமீடா மண்டலம், நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம் பால்வெளி மண்டலத்தை நோக்கி வருகிறது. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் இரண்டும் மோதுவது உறுதி என்று 2012இல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு கூறப்பட்டது. அண்டை மண்டலங்களின் ஈர்ப்பையும் சேர்த்து 2025இல் வெளியான ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதல் நிகழும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகக் குறைத்தது.

ஈர்ப்பால் கட்டுண்ட இந்த அண்டைக் குழுவுக்கு அப்பால் உள்ளவை எல்லாம் விலகிக்கொண்டிருக்கின்றன. விரிவு இப்படியே வேகமெடுத்துக்கொண்டு போனால் 10,000 கோடி முதல் 15,000 கோடி ஆண்டுகளில் அவை அனைத்தும் நம் பார்வை எல்லையைக் கடந்துவிடும். பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சும் அளக்க முடியாதபடி நீண்டு மெலியும். லாரன்ஸ் கிராஸ், ராபர்ட் ஷெரர் இருவரும் 2007இல் இதிலிருந்து ஒரு முக்கிய முடிவுக்கு வந்தனர்: அக்கால வானியலாளருக்குப் பேரண்டம் விரிகிறது என்பதற்கோ, அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதற்கோ சான்று எதுவும் கிடைக்காது. தம் வானில் தெரியும் ஒற்றை மண்டலமே முழுப் பேரண்டம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

விண்மீன்களுக்குப் பின்

சிறிய விண்மீன்கள் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்குள்ள செங்குறுமீன் பல லட்சம் கோடி ஆண்டுகள் எரியும். பேரண்டத்தின் வயது அதற்குப் போதாது என்பதால், அத்தகைய ஒரு விண்மீன்கூட இதுவரை முதுமையால் அணைந்ததில்லை. வாயு மேகங்கள் தீர்ந்து, புதிய விண்மீன்கள் பிறப்பது நின்று, கடைசிச் செங்குறுமீனும் அணையும்போது பேரண்டத்தின் வயது சுமார் 10¹⁴ ஆண்டுகள், அதாவது ஒரு கோடி கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அதன்பின் எஞ்சுபவை வெண்குறுமீன்கள், நியூட்ரான் விண்மீன்கள், விண்மீனாக முடியாமல்போன பழுப்புக் குறுமீன்கள், கருந்துளைகள். கோள்கள் தாம் சுற்றிய விண்மீன்களிலிருந்து பிரியும். அணைந்த விண்மீன்கள் மண்டலங்களை விட்டு வீசியெறியப்படும் அல்லது மையக் கருந்துளையில் விழும். புரோட்டான் நிலையற்றது என்றால் எஞ்சிய பொருளும் மெல்லச் சிதைந்து மறையும்.

கருந்துளைகளும் நிரந்தரமானவை அல்ல. அவை மிக மெல்லிய கதிர்வீச்சை உமிழ்ந்து நிறையை இழக்கின்றன என்று 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். சூரிய நிறையுள்ள கருந்துளை ஆவியாகச் சுமார் 10⁶⁷ ஆண்டுகள் ஆகும். மிகப் பெரியவற்றுக்கு 10¹⁰⁰ ஆண்டுகள், அதாவது 1-க்குப் பின் 100 சுழியங்கள் இட்ட காலம் தேவைப்படும். அதற்கப்பால் ஒளித்துகள்களும் நியூட்ரினோக்களும் எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் மட்டுமே பெருவெளியில் சிதறிக் கிடக்கும்.

மாற்றுக் கணிப்புகள்

இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுத்தால், விண்மீன் மண்டலங்களும் கோள்களும் கடைசியில் அணுக்களும் பிய்த்தெறியப்படும். ‘பெருங்கிழிசல்’ எனப்படும் இச்சாத்தியம் 2003இல் விரிவாகக் கணக்கிடப்பட்டது. இருண்ட ஆற்றல் தளர்ந்து எதிர்த்திசையில் செயல்பட்டால் பேரண்டம் மீண்டும் சுருங்கும். இது ‘பெருஞ்சுருக்கம்’.

மூன்றாவது சாத்தியம் வெற்றிடச் சிதைவு. ஹிக்ஸ் போசான், டாப் குவார்க் ஆகிய அடிப்படைத் துகள்களின் அளக்கப்பட்ட நிறைகளைக் கொண்டு பார்த்தால், நம் பேரண்டத்தின் வெற்றிடம் அறுதியாக நிலைபெற்றது அல்ல, நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் இடைநிலையில் இருப்பது என்று தோன்றுகிறது. அது வேறொரு நிலைக்கு மாறினால் இயற்பியல் விதிகளே மாறும். கணிக்கப்படும் காலம் பேரண்டத்தின் இன்றைய வயதைவிடப் பல மடங்கு பெரிது.

இன்றைய முக்கியத்துவம்

முதலாவது பயன் அறிவியல் சார்ந்தது. முடிவைத் தேடிய ஆய்வுகள் எதிர்பாராத வாசல்களைத் திறந்துள்ளன. புரோட்டான் அழியுமா என்று அறிய, 1980களில் இந்திய, ஜப்பானிய அறிஞர்கள் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கருவிகளை நிறுவினர். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த சுரங்கங்கள் அவை. சிதைவாக இருக்கலாம் என அங்கே அறிவிக்கப்பட்ட சில நிகழ்வுகளைப் பிற ஆய்வகங்கள் உறுதிசெய்யவில்லை. ஜப்பானின் காமியோகாவில் இதே நோக்கத்தோடு அமைக்கப்பட்ட கருவி, 1987இல் ஒரு சூப்பர்நோவாவிலிருந்து வந்த நியூட்ரினோக்களைப் பிடித்தது. அதன் வாரிசான சூப்பர் காமியோகாண்டே, நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதை 1998இல் நிலைநாட்டியது. இவ்விரண்டுக்கும் முறையே 2002, 2015ஆம் ஆண்டு நோபல் பரிசுகளில் பங்கு கிடைத்தது. புரோட்டான் சிதைவு இன்றுவரை காணப்படவில்லை. அதன் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கு மேல் என்பது இப்போதைய முடிவு.

இருண்ட ஆற்றலைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள டெசி கருவியின் 2024, 2025ஆம் ஆண்டு முடிவுகள் அது காலப்போக்கில் தளர்ந்துவருகிறதோ என்ற ஐயத்தை எழுப்பியுள்ளன. கண்டுபிடிப்பு என அறிவிக்கத் தேவையான உறுதியை அவை எட்டவில்லை. 2023இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைநோக்கியும் சிலியில் இயங்கத் தொடங்கியுள்ள வேரா ரூபின் ஆய்வகமும் இக்கேள்வியை மேலும் கூர்மையாக ஆராயும். பேரண்டத்தின் கடைசி அத்தியாயம் எது என்பது நம் தலைமுறையிலேயே தெளிவாகக்கூடும்.

இரண்டாவது, நாம் வாழும் காலத்தின் அருமை. தொடக்கத்தின் சான்றும் விரிவின் சான்றும் ஒருங்கே கண்ணுக்குப் படும் காலம் இது. அவற்றைப் பதிவுசெய்து வைப்பது, பிற்காலத்தார் எவராலும் திரும்பச் செய்ய முடியாத பணி.

மூன்றாவது, கால அளவுகளைப் பிரித்தறியும் தெளிவு. சூரியன் பிரகாசமாவதால்தான் பூமி சூடாகிறது என்ற வாதத்துக்கு இத்துறை நேரான பதில் தருகிறது. அந்த மாற்றம் 10 கோடி ஆண்டுகளுக்கு ஒரு சதவீதம். கடந்த 150 ஆண்டுகளில் அதன் பங்கு கணக்கில் கொள்ளத் தகாதது. ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டைஆக்சைடு இப்போது 420ஐக் கடந்துவிட்டது. இது மனிதர் செய்தது, மனிதரே நிறுத்தக்கூடியது.

நான்காவது, பொறுப்பு. அணுக்கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் பிடிக்கும். அதனால் பின்லாந்தின் ஓன்கலோ சேமிப்பகம் 1 லட்சம் ஆண்டுகளைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டுள்ளது. நம் இன்றைய முடிவுகள் இவ்வளவு தூரம் நீளுகின்றன. எல்லாம் ஒருநாள் அழியும் என்பதை அலட்சியத்துக்குக் காரணமாக்குவோர் உண்டு. கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. நம் மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். பூமி இன்னும் பல கோடி ஆண்டுகள் உயிர் தாங்கும். அந்தப் பெருங்காலத்தைச் சூரியன் நம்மிடமிருந்து பறிப்பதற்கு வெகுமுன்பே, அணுப்போரும் பருவநிலைச் சீர்கேடும் உயிரினங்களின் அழிவும் பறித்துவிடக்கூடும். வானில் வரவிருக்கும் முடிவை நம்மால் மாற்ற முடியாது. இந்த நூற்றாண்டில் பூமிக்கு நேரப்போவதை மாற்ற முடியும். அதைச் செய்வது நம் கடமை.