விளிம்புவெடி அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி

விளிம்புவெடி அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது, அடிவிளிம்பில் எரியூட்டி அடைக்கப்பட்ட சிறிய தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி வகை ஆகும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளியேறும். அதன் பின் வெற்றுக்கூடு தானாக வெளியே எறியப்பட்டு, அடுத்த தோட்டா தோட்டா அறைக்குள் ஏறும். இவ்வகையில் பெரும்பாலும் .22 லாங் ரைபிள் என்னும் 5.6 மி.மீ. தோட்டாவே பயன்படுகிறது. பின்னுதைப்பும் ஓசையும் குறைவு என்பதாலும், தோட்டாவின் விலை மலிவு என்பதாலும், உலகெங்கும் இது பயிற்சிக்குரிய துப்பாக்கியாக விளங்குகிறது. இந்தியாவில் இதை உரிமம் இன்றி வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆகும்.

இயங்கும் முறை

பெரிய கைத்துப்பாக்கிகளின் தோட்டாவில் எரியூட்டி அடிப்பகுதியின் நடுவில் தனிக் குப்பியாகப் பொருத்தப்பட்டிருக்கும். இது மையவெடித் தோட்டா எனப்படும். விளிம்புவெடித் தோட்டாவில் எரியூட்டி, கூட்டின் உட்குழிவான அடிவிளிம்பு முழுவதும் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது எரியூட்டி பற்றி வெடிமருந்தை எரிக்கிறது. நசுங்கிய விளிம்பை மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே சுட்ட கூட்டை மறுமுறை பயன்படுத்துவதில்லை.

குண்டின் எடை வழக்கமாக 2.6 கிராம் ஆகும். தோட்டாவின் ஆற்றல் குறைவு என்பதால் பூட்டி நிறுத்தும் பொறி தேவைப்படுவதில்லை. பின்பூட்டின் எடையும் ஒரு சுருள்வில்லுமே அதை உரிய நேரம் வரை மூடி வைக்கின்றன. வெடிவளியின் அழுத்தம் பின்பூட்டைப் பின்னே தள்ளுகிறது. சுருள்வில் அதை முன்னே கொண்டுவரும்போது மேகசினில் இருந்து அடுத்த தோட்டா எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்த எளிய அமைப்பால் சில குறைபாடுகளும் உண்டு. எரியூட்டி விளிம்பில் சீராகப் பரவாத தோட்டா வெடிக்காமல் போகலாம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே சிக்கினால் ஏற்றம் தடைப்படும். மெழுகு பூசிய ஈயக் குண்டுகள் விட்டுச்செல்லும் கசடு சேர்ந்தாலும் பொறி தடுமாறும்.

வரலாறு

1845 இல் பிரான்சு நாட்டின் லூயி நிக்கோலா புளோபேர், உள்ளரங்கில் சுட்டு மகிழ்வதற்கான சிறு உலோகத் தோட்டாவை உருவாக்கினார். 1857 இல் சுமித் அண்ட் வெசன் நிறுவனம் .22 சார்ட் தோட்டாவுக்கான சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. இன்று வழங்கும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887 இல் அமெரிக்காவின் சிட்டீவன்சு நிறுவனத்தால் அறிமுகம் ஆனது. 1915 இல் வெளிவந்து பின்னர் உட்சுமேன் எனப் பெயர்பெற்ற கோல்ட் கைத்துப்பாக்கி, 1949 இல் வெளிவந்த ரூகர் சிட்டாண்டர்டு, 1968 இல் வந்த செருமனியின் வால்தர் ஜி.எசு.பி. ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. சோவியத் ஒன்றியத்தின் மார்கோலின் கைத்துப்பாக்கியை வடிவமைத்த மிகையில் மார்கோலின் பார்வையற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அங்கேரிய வீரர் கரோலி தகாச்சு 1938 இல் படைப் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். பின்னர் இடக்கையால் சுடப் பழகி, 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார்.

போட்டிகள்

பன்னாட்டு விதிகளின்படி 25 மீட்டர் கைத்துப்பாக்கி 300 × 150 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். .22 கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். வீரர் நின்றபடி, ஒரு கையால், எதன் மீதும் சாயாமல் சுட வேண்டும். முக்கிய போட்டிகள் பின்வருமாறு:

* 25 மீட்டர் விரைவுச் சுடுதல் (ஆண்கள், ஒலிம்பிக்): மொத்தம் 60 குண்டுகள். ஐந்து இலக்குகளில் தலா ஒரு குண்டாக 8, 6, 4 நொடிகளுக்குள் சுட வேண்டும். முன்பு .22 சார்ட் தோட்டா பயன்பட்ட இப்போட்டியில் 2005 முதல் .22 லாங் ரைபிள் பயன்படுகிறது.
* 25 மீட்டர் கைத்துப்பாக்கி (பெண்கள், 1984 முதல் ஒலிம்பிக்): நிதானமாக 30 குண்டுகளும் விரைவாக 30 குண்டுகளும் சுட வேண்டும். விரைவுப் பகுதியில் இலக்கு 3 நொடி தெரிந்து 7 நொடி மறையும்.
* 25 மீட்டர் நியமக் கைத்துப்பாக்கி (ஒலிம்பிக்கில் இல்லை): 60 குண்டுகள். ஐந்தைந்தாக 150, 20, 10 நொடிகளுக்குள் சுட வேண்டும்.

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் விரைவுச் சுடுதலில் வெள்ளி வென்றார். 2018 ஆசிய விளையாட்டில் ராகி சர்னோபத் 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் தங்கம் வென்றார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இதே போட்டியில் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்றார்.

இந்தியாவில் உரிமை

துப்பாக்கி உரிமத்தை 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் நெறிப்படுத்துகின்றன. விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கிகள் தடைசெய்யப்பட்டவை. .22 அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி அவ்வகையைச் சேராது. எனினும் அதைப் பெறுவது எளிதன்று.

ரைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் இடையே சட்டம் வேறுபாடு காட்டுகிறது. அங்கீகரிக்கப்பட்ட கழகத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள் கேட்டால், மறுப்பதற்கான காரணங்கள் இல்லாத நிலையில், உரிமம் வழங்கப்பட வேண்டும் என 13 ஆம் பிரிவு கூறுகிறது. அதே அளவுத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கிக்கு இச்சலுகை இல்லை. தக்க காரணம் உண்டு என்று உரிமம் வழங்கும் அலுவலர் நிறைவடைய வேண்டும். கைத்துப்பாக்கியை எளிதில் மறைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்பதை எண்ணினால் இவ்வேறுபாடு விளங்கும்.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்குப் பின்னரே முடிவு எடுக்கப்படும். 2019 ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களை மூன்றில் இருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றில் இருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. உரிமம் இன்றி வைத்திருப்பதற்கான தண்டனையும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரையிலான சிறையாக உயர்ந்தது. 2020 இல் விளையாட்டு வீரர்களுக்குத் தளர்வுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி பயிற்சிக்கான .22 தோட்டாக்களின் ஆண்டு அளவு 1000 இல் இருந்து 5000 ஆனது.

கொங்குப் பகுதியில்

கோவை மாநகரக் காவல் எல்லைக்குள் வசிப்போர் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விசைத்தறிக்குப் பெயர்பெற்ற சோமனூர் போன்ற ஊர்கள் அவ்வெல்லைக்கு வெளியே இருப்பதால், அங்குள்ளோருக்கு மாவட்ட ஆட்சியரே உரிமம் வழங்கும் அலுவலர் ஆவார். இப்பகுதியினருக்குப் பயிற்சிக்கான அருகிலுள்ள இடம் கோயம்புத்தூர் ரைபிள் கிளப் ஆகும். 2019 இல் கோவையில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் குமார் பங்கேற்றதால், இவ்விளையாட்டு பொதுமக்களிடையே பரவலாகப் பேசப்பட்டது.

புதிதாகப் பழகுவோர் வழக்கமாக 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் தொடங்குவர். பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படும் 4.5 மி.மீ. வகைக்கு உரிமம் தேவையில்லை. சொந்தத் துப்பாக்கி வாங்குமுன் கழகத்தின் துப்பாக்கியில் மேற்பார்வையின் கீழ் பழகுவதும் உண்டு.

பாதுகாப்பு

.22 தோட்டாவின் சிறிய உருவைக் கண்டு அதை விளையாட்டுப் பொருளாகக் கருதுவது தவறு. அது உயிரைப் பறிக்க வல்லது. குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லக்கூடியது. பாறையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் திசைமாறித் தெறிக்கும். ஆகவே தென்னந்தோப்பிலோ கைவிடப்பட்ட பாறைக்குழியிலோ சுட்டுப் பழகுவது ஆபத்தானது. மண்மேடு அல்லது தடுப்புச் சுவர் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்திலேயே பயிற்சி செய்ய வேண்டும். அடிப்படை விதிகள் சில:

* எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருத வேண்டும். மேகசினை அகற்றிய பின்னும் தோட்டா அறையில் ஒன்று இருக்கலாம். அரைத்தானியங்கிகளில் நேரும் விபத்துகளுக்கு இதுவே முக்கிய காரணங்களுள் ஒன்று.
* குழல் எப்போதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். சுட முடிவு செய்யும் வரை விரல் விசையில் படக் கூடாது.
* தோட்டா வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கி வைத்தபடி அரை நிமிடம் காத்திருந்து, பின்னரே அகற்ற வேண்டும். போட்டியில் மறுகையை உயர்த்தி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.
* ஓசை வழக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலித்தால் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டைச் சுடக் கூடாது.
* கண்ணாடியும் செவிக்காப்பும் அணிய வேண்டும். ஈயத் துகள் படிவதால், சுட்டபின் கைகழுவாமல் உண்ணக் கூடாது.
* வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி, சிறுவர் கைக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும்.

பல விளிம்புவெடித் துப்பாக்கிகளில், தோட்டா இன்றி விசையை இழுத்தால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைக்கும். எனவே வெற்றுப் பயிற்சிக்கு அதற்கெனச் செய்யப்பட்ட போலித் தோட்டா பயன்படுத்தப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* துப்பாக்கி சுடுதல் (விளையாட்டு)
* காற்றழுத்தத் துப்பாக்கி
* விஜய் குமார்
* இந்தியப் படைக்கலச் சட்டம், 1959