அதிரீனற் சுரப்பியும் நிணநீர்ப் புற்றும்

சிறுநீரகங்களின் உச்சியில் முடிபோல் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பிகளை 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் யூஸ்தாக்கியோ விவரித்தார். ஆயினும் அவற்றின் பயன் நெடுங்காலம் புலப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டில், இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் தோமஸ் என்னும் பெயருடைய இருவர் பணிபுரிந்தனர். இறந்தோர் உடல்களை ஆராய்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கும் நோயை 1832இல் எடுத்துரைத்தார். அதிரீனற் சுரப்பிகள் பழுதுற்றால் தோல் கறுத்து, உடல் தளர்ந்து, உயிரும் நீங்குமெனத் தோமஸ் அடிசன் 1855இல் காட்டினார். அந்நோய்கள் அவரவர் பெயராலேயே வழங்கலாயின.

இவ்விருவர் ஆய்ந்த துறைகளும் இன்று ஓர் அரிய நோயிற் சந்திக்கின்றன. வேறு காரணம்பற்றி எடுத்த படத்தில், இச்சுரப்பியிலே பழங்குருதி தேங்கிய கட்டியொன்று தென்படுகின்றது. புற்றென ஐயுறாமலே அதனை அகற்றுவர். நுணுக்குக்காட்டியில் நோக்குங்கால், உறைந்த குருதியின் நார்களிடையே நிணநீர்ப் புற்றுக்கலங்கள் சிறு திரள்களாகக் காணப்படுகின்றன. இது ஹொட்ஜ்கின் நோயின் வேறானது. 1964இல் அறிவிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரசுடன் தொடர்புற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு இதற்குத் தனியிடம் வழங்கிற்று.

அப்பெயரீடு வெறும் ஏட்டளவினதன்று. இதனையொத்த கலங்களையுடைய பிற புற்றுக்கள் விரைந்து பரவுவன. கட்டிக்குள் அடங்கிய இதுவோ, அறுவையின்பின் பெரும்பாலும் மீள்வதில்லை. வேறுபாடறியாதார் நோயாளியைக் கடும் மருந்துகளால் வருத்தவுங்கூடும். இறந்தோர் உடலில் அன்று பயின்ற நுண்ணோக்கு, இன்று வாழ்வோரின் துன்பத்தைக் குறைக்கின்றது.