வினைச்சொல்லும் எந்திரத்தின் கையும்: அறிதற் கட்டமைப்பு வரலாற்றில் ஒரு மொழியியல் நோக்கு

‘பெட்டியில் வை’ என்பதும் ‘பெட்டியில் போடு’ என்பதும் தமிழில் ஒன்றல்ல. வைப்பவரின் கை, பொருள் பெட்டியின் அடியைத் தொடும்வரை உடன் செல்கிறது. போடுபவரின் கை இடையிலேயே பொருளை விட்டுவிடுகிறது. முட்டையை வைக்கிறோம், குப்பையைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ‘புட்’ என்னும் வினை இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் சூழலை நோக்கி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். கட்டளையைக் கேட்டு, தானே ஆராய்ந்து, தானே செயற்பட வேண்டிய ஓர் எந்திரத்தில் இவ்வேறுபாடு எங்கே இருத்தல் வேண்டும்? அதன் அகராதியிலா, அதன் கையிலா?

புலன்வழி வருவதை ஏற்றல், நினைவில் இருத்தல், ஆராய்ந்து முடிவுசெய்தல், உறுப்புகளை இயக்குதல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் நிலையான அமைப்பினை அறிதற் கட்டமைப்பு என்பர். உடலுடைய எந்திரங்களுக்காக இத்தகைய கட்டமைப்புகள் உருவான வரலாறு பொறியியல் நோக்கில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அதனை வினைச்சொற் பொருண்மையின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை சார்லஸ் ரோசன், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல், பீட்டர் ஹார்ட் முதலியோர் உருவாக்கிய ஷேக்கி என்னும் ரோபோவிலிருந்து தொடங்குவது பொருந்தும். நகரும்போது ஆடியதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. தொலைக்காட்சிக் கேமராவும், தூரம் அளக்கும் கருவியும், மோதலை உணரும் மீசைக் கம்பிகளும் அதற்கு இருந்தன. கை மட்டும் இல்லை. ஆகவே செல்லுதல், திரும்புதல், தள்ளுதல் என்னும் அளவிலேயே அதன் வினையுலகம் நின்றது. மேடைமீதுள்ள கட்டையைக் கீழே தள்ளுமாறு பணித்தால், சாய்தளம் ஒன்றைத் தேடி, அதனை மேடையருகே தள்ளிச் சென்று, அதன்வழி ஏறிக் கட்டையைத் தள்ளும். ஆங்கிலக் கட்டளைகளைப் பயனிலைத் தருக்க வாய்பாடுகளாக மாற்றும் பணியை ஸ்டீபன் கோல்ஸ் எழுதிய ‘எங்ராப்’ என்னும் நிரல் செய்தது. மொழி இக்கட்டமைப்பின் வாயிலில் நின்றது எனலாம். வாய்பாடாக மாறியதும் அதன் வேலை முடிந்துவிடும்.

ஷேக்கிக்காக ரிச்சர்டு ஃபைக்ஸும் நில்சனும் வகுத்து 1971இல் வெளியிட்ட ‘ஸ்டிரிப்ஸ்’ என்னும் திட்டமிடு முறை மொழியியலாளரின் தனிக்கவனத்திற்குரியது. இதில் ஒவ்வொரு செயலும் மூன்று பட்டியல்களால் வரையறுக்கப்படும்: செயலுக்குமுன் உண்மையாக இருக்கவேண்டியவை, செயலால் பொய்யாகிவிடுபவை, செயலால் புதிதாக உண்மையாகுபவை. வாயில்வழி அடுத்த அறைக்குச் செல்லுதலை எடுத்துக்கொண்டால், கதவு திறந்திருத்தலும் எந்திரம் அதனருகே இருத்தலும் முதற்பட்டியலில் அடங்கும். இந்த அறையில் இருத்தல் நீக்கப்படும். அந்த அறையில் இருத்தல் சேர்க்கப்படும். வினையின் முற்கோளும் விளைவும் இங்கே தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. சொற்பொருண்மையியலார் வினைகளைப் பகுக்கும் முறையோடு இது பெரிதும் ஒத்துள்ளது. ஆனால் செயல் நிகழும் விதத்திற்கு, அதாவது மெல்லவோ வேகமாகவோ, பிடித்தோ விட்டோ என்பதற்கு, இப்பட்டியல்களில் இடமில்லை. வைத்தலும் போடுதலும் இங்கே ஒன்றாகிவிடும். இரண்டின் முடிவிலும் பொருள் பெட்டிக்குள் இருக்கும் அன்றோ!

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டெரி வினோகிராட் 1968க்கும் 1970க்கும் இடையே உருவாக்கிய ‘ஷ்ருட்லு’ மொழியை வாயிலிலிருந்து கூடத்திற்கு அழைத்துவந்தது. சாம்ஸ்கியின் இலக்கணம் கோலோச்சிய அதே நிறுவனத்தில் ஹாலிடேயின் அமைப்பியல் இலக்கணத்தை அவர் தேர்ந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. கட்டைகளும் கூம்புகளும் பெட்டியும் கொண்ட மேசையுலகம் ஒன்று கணிப்பொறித் திரையில் படமாகவே இருந்தது, கையும் படமே. ஒரு சொல்லின் பொருள் இயக்கத்தக்க ஒரு நிரற்கூறு என்பது அவர் கொள்கை. நீலக் கூம்பைக் கட்டைமேல் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும் ஆங்கிலத் தொடர் இருவகையாகப் பிரியும். கட்டையின்மேல் உள்ள கூம்பைப் பெட்டியில் வைப்பதா, பெட்டியில் உள்ள கட்டையின்மேல் கூம்பை வைப்பதா? இலக்கணத்தால் தீராத இந்த ஐயத்தை ஷ்ருட்லு மேசையைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டது. இத்தொடரைத் தமிழாக்க முனைபவரும் மேசையைப் பார்க்காமல் தப்ப முடியாது. ‘உள்ள’ என்னும் எச்சத்தை எங்கே இடுவது எனத் தீர்மானித்த பின்னரே தமிழ்த்தொடர் பிறக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிய வாதங்களில் இந்த எடுத்துக்காட்டு இன்னும் அதிகமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வெற்றிகளின் நடுவே 1976இல் ட்ரூ மெக்டர்மட் எழுதிய ஒரு கட்டுரை, கணிப்பொறியாளர் எழுதிய சிறந்த மொழியியற் கட்டுரைகளுள் வைத்தெண்ணத்தக்கது. நிரலின் ஒரு பகுதிக்கு ‘புரிந்துகொள்’ எனப் பெயரிட்டுவிட்டு, அது புரிந்துகொள்வதாகவே நம்பிவிடும் பழக்கத்தை அவர் எள்ளி நகையாடினார். அப்பகுதிக்கு ஜி0034 என்பதுபோன்ற பொருளற்ற பெயரை இட்டுப் பாருங்கள். அப்போதும் அது புரிந்துகொள்கிறது எனப் பிறரை நம்பவைக்க இயலுமா என்பது அவர் விடுத்த அறைகூவல். ஸ்டிரிப்ஸின் செயற்பெயர்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் ஆங்கிலப் பெயரைப் படிப்பவர், அப்பெயர் தம் மனத்தில் எழுப்பும் முழுப்பொருளையும் மூன்று பட்டியல்களுக்குள் இருப்பதாக ஏற்றிவிடுகிறார். அதே செயலுக்குத் தமிழ்ப்பெயர் இட முற்பட்டால் வைத்தலா போடுதலா என்னும் வினா எழுந்து, பட்டியலின் வறுமை உடனே வெளிப்படும். மொழிபெயர்த்துப் பார்த்தல் ஜி0034ஐவிடக் கூர்மையான சோதனை என்றே தோன்றுகிறது.

1980களில் ஆலன் நியூவெல், ஜான் லேர்டு, பால் ரோசன்ப்ளூம் ஆகியோரின் ‘சோர்’ முதலிய கட்டமைப்புகள் அறிவின் பொதுவமைப்பைத் தேடின. அவற்றில் உடல் பிற்சேர்க்கையாகவே இருந்தது. இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் ரோட்னி புரூக்ஸ். 1986இல் அவர் முன்வைத்த அடுக்குமுறைக் கட்டமைப்பில் உலகத்தின் படம் எந்திரத்தின் உள்ளே வரையப்படுவதில்லை. உணர்வும் இயக்கமும் அடுக்கடுக்காக நேரே பிணைக்கப்பட்டன. 1989இல் உருவான கெங்கிஸ் என்னும் ஆறுகால் ரோபோ கரடுமுரடான தரையில் நன்றாகவே நடந்தது. ஆனால் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை. அது கேட்பதற்கும் ஒன்றுமில்லை. உடல் வந்தபோது மொழி வெளியேறியது.

1990இல் ஸ்டீவன் ஹார்னாட் இப்பிளவுக்குக் குறியீட்டு வேரூன்றல் சிக்கல் எனப் பெயரிட்டார். சீனமொழி அறியாத ஒருவர் சீன-சீன அகராதி ஒன்றை மட்டும் கொண்டு அம்மொழியைக் கற்க முயன்றால் சொல்லிலிருந்து சொல்லுக்கு ஓயாது அலைய நேரும். சொற்கள் எங்கேனும் புலனுணர்வில் கால்பதித்தாக வேண்டும் என்பது அவர் வாதம். இதனைச் செய்துகாட்ட முற்பட்டவர் லுக் ஸ்டீல்ஸ். 1999இல் நடந்த ‘பேசும் தலைகள்’ சோதனையில், கேமராக் கண்களுடைய எந்திரங்கள் வெண்பலகையில் ஒட்டிய வண்ண வடிவங்களை நோக்கி ஒன்றுக்கொன்று ஊகவிளையாட்டு ஆடின. சொற்களையும் அவற்றின் பொருட்பாகுபாடுகளையும் தாமே படைத்துக்கொண்டன. முன்கூட்டிய ஆங்கிலச் சொற்பட்டியல் இல்லாத அரிய முயற்சி இது. ஆனால் அத்தலைகளுக்குக் கைகள் இல்லை; பிறந்தவை பெரிதும் நிறம், வடிவம், இடம் குறித்தவை. வினை பிறக்கவில்லை.

கையுடைய முயற்சிகளுள் டெப் ராய் குழுவினரின் ‘ரிப்ளி’ குறிப்பிடத்தக்கது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் விவரிக்கப்பட்ட இவ்வெந்திரம் மேசையையும் தன்னையும் எதிரிலிருப்பவரையும் முப்பரிமாண மனப்படமாக வைத்திருந்தது. ‘என் இடப்பக்கம்’ எனப் பேசுபவர் கூறினால் அவர் நிற்குமிடத்திலிருந்து அப்படத்தை நோக்கியது. அழகான தீர்வுதான். எனினும் ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியினர் இட-வலம் கூறாமல் திசைகளாலேயே இடங்குறிப்பதை ஜான் ஹேவிலண்டும் ஸ்டீபன் லெவின்சனும் விளக்கியுள்ளனர். அவர்களோடு பேச அவ்வெந்திரத்திற்குப் பிறர்நோக்கு மனப்படத்தைவிடத் திசைகாட்டியே முதலில் தேவைப்பட்டிருக்கும். சுன்ஜா சோயும் மெலிசா போவர்மனும் 1991இல் காட்டியவாறு, கொரிய மொழி இறுகப் பொருத்துதலுக்குத் தனிவினை வைத்துள்ளது. ஆங்கிலத்தின் உள்ளே-மேலே என்னும் பாகுபாட்டை அது குறுக்கே வெட்டிச் செல்கிறது. எந்த வேறுபாட்டை எந்திரம் உணரவேண்டும் என்பது இவ்வாறு மொழியோடு மாறுகிறது.

2022இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘சேகேன்’ அமைப்பில் பெரிய மொழிமாதிரி மீண்டும் கூடத்தில் அமர்ந்தது. எந்திரம் பழகிய திறன்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆங்கிலத் தொடரால் பெயரிடப்பட்டன. கேட்ட கட்டளைக்கு எத்தொடர் ஏற்றது என மொழிமாதிரியும், இப்போது இவ்விடத்தில் அது கைகூடுமா எனப் பயிற்சியால் பெற்ற மற்றொரு மதிப்பீடும் எண்களாகக் கூறும்; இரண்டையும் பெருக்கி அடுத்த செயல் தெரிவுசெய்யப்படும். 101 பணிகளில் சோதித்தபோது, மாதிரிச் சமையலறையில் திட்டம் 84 விழுக்காடும் செயல் 74 விழுக்காடும் வெற்றிபெற்றன. கட்டளைகளைச் சீனம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றில் இட்டபோதும் திட்டமிடுதல் ஏறக்குறையக் குன்றவில்லை என அவர்கள் தெரிவித்தனர். மொழிபெயர்ப்பாளர் இங்கே சற்று நிற்க வேண்டும். வினவும் மொழி மாறியது. திறன்களின் பெயர்ப்பட்டியல் ஆங்கிலமாகவே இருந்தது. ‘வை’, ‘போடு’ எதைச் சொன்னாலும் வந்துசேரும் இடம் ஒன்றே.

2023இன் ‘ஆர்.டி.-2’ இப்பட்டியலையே நீக்கியது. கையின் அசைவுகள் எண்குறிகளாக, சொற்களோடு ஒரே வரிசையில் மாதிரியின் வெளியீடாகின்றன. அதற்கு முந்தைய ‘ஆர்.டி.-1’இன் பொருட்டு 13 ரோபோக்களைக் கொண்டு 17 மாதங்களில் திரட்டிய ஏறத்தாழ 1,30,000 செய்துகாட்டல்களே இதற்கும் அடிப்படை. செய்துகாட்டிய மனிதர்கள் சில பொருள்களைத் தளத்தைத் தொடும்வரை பிடித்திருப்பர், சிலவற்றை இடையிலேயே விட்டிருப்பர்; அவ்வேறுபாடு அசைவுப் பதிவில் உள்ளது. ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஆங்கிலத் தொடர் ஒன்று எழுதப்பட்டுள்ளது. அப்பதிவுகளுக்குத் தமிழில் தலைப்பிட முனைபவர், எழுதியிருக்கும் ஆங்கிலத் தொடரைப் பெயர்த்தால் போதாது. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, விரல்கள் எப்போது பிரிந்தன என்று பார்க்க வேண்டியிருக்கும்.