கேட்டதும் கண்டதும்: ஜஹாங்கீரின் ஒரு வாக்கியமும் மன்சூரின் விலங்குகளும்

ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் 1612ஆம் ஆண்டுச் செய்திகளுக்கு நடுவே எழுதிய ஒரு வாக்கியம், முகலாய விலங்கோவியம் பற்றிய ஆய்வுக்கு நெடுங்காலமாக அடிக்கல்லாக இருந்துவருகிறது. அந்த வாக்கியத்தின் முதற்பாதியையும் கடைசிச் சொற்களையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோவாவுக்கு அனுப்பப்பட்ட முகர்ரப் கான், பரங்கியர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவந்த அரும்பொருள்களில் சில விந்தையான உயிரினங்களும் இருந்தன. வான்கோழி அவற்றுள் ஒன்று. அவற்றைக் கண்ட பேரரசர் மூன்று செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறார். பாபர் தம் நூலான பாபர்நாமாவில் சில விலங்குகளின் உருவை எழுதினார். ஆனால் அவற்றை வரையும்படி ஓவியர்களுக்கு அவர் ஆணையிட்டதாகத் தெரியவில்லை. தாமோ எழுதியதோடு நில்லாமல், அவற்றின் சாயலை வரையவும் ஆணையிட்டார். கேட்டு உண்டாகும் வியப்பு கண்டு மிக வேண்டும் என்பது நோக்கம்.

இதிலிருந்து பெறப்படும் வழக்கமான முடிவு இது: சொல்லை நம்பிய காலம் முடிந்து கண்ணை நம்பும் காலம் இங்கே தொடங்குகிறது. பேரரசர் இயற்கை ஆய்வாளர். உஸ்தாத் மன்சூர் அவருடைய கண். விலங்கு முன்னே நிற்க, ஓவியர் பார்த்துப் பார்த்துத் தீட்டினார். மன்சூரின் வரிக்குதிரையையும் வான்கோழியையும் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சித்திரம் உடனே பிடித்துவிடும். எனக்கும் பல ஆண்டுகள் பிடித்துத்தான் இருந்தது.

முதலில் பாபரைப் பற்றிய பகுதி. பாபர் ஆணையிடவில்லை என்பது சரியே. ஆனால் அவருடைய பேரன் அக்பர் ஆணையிட்டார். துருக்கி மொழியில் இருந்த அந்நூலை அப்துர் ரஹீம் கான்-இ-கானான் பாரசீகத்தில் பெயர்த்து 1589இல் அக்பரிடம் அளித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அதன் படிகள் பல ஓவியங்களோடு உருவாயின. இந்துஸ்தானத்தின் காண்டாமிருகம், நீலமான், எருமை, பறவைகள் ஆகிய எல்லாம் அவற்றில் பக்கம் பக்கமாக வரையப்பட்டிருக்கின்றன. இது ஜஹாங்கீருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அப்போது அவர் இருபது வயது இளவரசர். 1607இல் காபூலில் இருந்தபோது பாபரின் கைப்பட எழுதிய படியையே வாசித்ததாகவும், அதில் விடுபட்ட பகுதிகளைத் தம் கையால் எழுதிச் சேர்த்ததாகவும் அவரே குறிப்பிடுகிறார். அந்த நூலோடு அவ்வளவு நெருக்கம் உள்ளவர் தந்தையின் ஓவியச்சாலையைத் தாண்டிப் பாட்டனாரின் தந்தையிடம் தாவுகிறார். இதை மறதி என்று நான் கருதவில்லை. போட்டிக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் பாபர். அந்தப் போட்டியில் அக்பருக்கு இடம் இல்லை.

நம் துறையோ அந்தத் தாவலை வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. தாவிய தலைமுறையை மீண்டும் உள்ளே கொண்டுவந்தால் படம் மாறுகிறது. மன்சூர் 1612இல் திடீரென்று தோன்றியவர் அல்லர். அக்பர் காலத்துக் கையெழுத்துப் படிகளில் பிறர் இட்ட கோட்டுக்கு வண்ணம் தீட்டியவராக அவர் பெயர் வருகிறது. பாபர்நாமாவின் விலங்குப் பக்கங்களிலும் வருகிறது. அக்காலத்து ஓர வரிக் குறிப்புகள் வேலையைப் பிரித்துக் காட்டுகின்றன: தர்ஹ் என்ற அமைப்புக் கோடு ஒருவருடையது, அமல் என்ற வண்ண வேலை இன்னொருவருடையது, முகம் சில வேளைகளில் மூன்றாமவருடையது. அந்தச் சாலையில் மன்சூர் எதைப் பார்த்து விலங்கு வரையக் கற்றார்? யானையும் எருமையும் அவர் கண்முன் நின்றிருக்கலாம். ஆனால் அவர் கையில் இருந்தது பாபரின் எழுத்து. அந்த எழுத்தோ ஒப்புமையால் நடப்பது. நீலமான் உயரத்தில் குதிரையளவு, உடலில் சற்று மெலிவு. காண்டாமிருகத்துக்கு யானையைவிடக் குதிரையோடு ஒப்பு அதிகம். ஒவ்வொரு விலங்கும் தெரிந்த இன்னொன்றின் திருத்தமாக வந்து நிற்கிறது.

இனி ஜஹாங்கீர் வான்கோழியை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். பெண்மயிலைவிடப் பெரிது, ஆண்மயிலைவிடச் சிறிது. மதம் கொண்டால் மயில்போல் தோகை விரித்து ஆடும். தலையும் கழுத்தும் ஒரு நேரம் பவளமாய்ச் சிவக்கும், சற்று நேரத்தில் பஞ்சாய் வெளுக்கும், சிலபோது நீலமணி நிறம் கொள்ளும், பச்சோந்திபோல் மாறும். பாட்டனாரின் தந்தையை விஞ்சப் புறப்பட்டவர் அவருடைய நடையிலேயே எழுதுகிறார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள மன்சூரின் வான்கோழியில் இந்த ஆட்டம் எதுவும் இல்லை. பக்கவாட்டில், வெற்றுத் தளத்தில், தோகை விரிக்காமல் அது நிற்கிறது. அரசரை அசத்திய இரண்டும், அதாவது நிறம் மாறுவதும் தோகை விரிவதும், ஓவியத்தில் இடம்பெறவில்லை. கண் சொன்னதை மட்டும் கேட்டு வரையும் ஓவியர் முதலில் எதை வரைந்திருப்பார்? தோகையைத்தான் என்று நினைக்கிறேன். மன்சூர் வரைந்தது இருபது ஆண்டு முன்பே ஓவியச்சாலையில் பழகிப்போன பக்க அமைப்பு: ஒரு விலங்கு, ஒரு பக்கத் தோற்றம், பின்னணியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நேரில் கண்டவை இறகின் வரிசையாகவும் தோலின் மடிப்பாகவும் அந்த அச்சுக்குள் பாய்ந்திருக்கின்றன. கண் செய்தது திருத்தம். அமைப்பு நூலிலிருந்து வந்தது.

கடைசிச் சொற்களுக்கு வருவோம். வாக்கியம் முடிவது வியப்பில். அறிவு பெருகும்பொருட்டு என்றோ பிழை நீங்கும்பொருட்டு என்றோ அவர் எழுதவில்லை. படைப்பின் விந்தைகளைத் தொகுக்கும் நூல்மரபு, 13ஆம் நூற்றாண்டுக் கஸ்வீனியின் நூலைப் போல, பாரசீக அவைகளில் ஓவியங்களோடு வழங்கி வந்தது. ஜஹாங்கீரின் சொல் அந்த மரபின் சொல். சாரஸ் நாரைகளின் அடைகாப்பை நாள் கணக்கில் கவனித்து எழுதியவரை ஆய்வாளர் அல்லர் என்று சொல்ல நான் வரவில்லை. ஓவியருக்குக் கொடுத்த ஆணையின் நோக்கம் வேறு என்பதே என் வாதம்.

‘நேரில் கண்டு தீட்டியது’ என்ற தொடரில் உள்ள காலப் பிழையை நம் துறை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. தாள்களை ஒட்டித் தடிப்பாக்கி, கோடிட்டு, மெல்லிய வெள்ளைப் பூச்சிட்டு, அதன் மேல் அணில் முடித் தூரிகையால் வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றி, இடையிடையே தாளைக் கவிழ்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் வேலை அது. எந்த விலங்கும் அதுவரை நிற்காது. மனிதனும் இருக்கமாட்டான். இனாயத் கான் நேர்வு இதைக் காட்டிவிடுகிறது. 1618இல் அபினாலும் மதுவாலும் எலும்பும் தோலுமாகிவிட்ட அந்த அதிகாரி பல்லக்கில் வைத்து அவைக்குக் கொண்டுவரப்பட்டார். பேரரசர் திகைத்து, ஓவியர்களை அவர் சாயலை எடுக்கச் சொன்னார். மறுநாளே அவர் இறந்தார். இப்போது நம்மிடம் இரண்டு படங்கள் உள்ளன: பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கோட்டோவியம், ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் வண்ண ஓவியம். முன்னது உயிருள்ள மனிதரைப் பார்த்து எடுத்ததாக இருக்கலாம். பின்னது முடிந்தபோது அவர் மண்ணுக்குள் இருந்தார்; இதில் ஐயத்துக்கு இடமில்லை. 1620இல் காஷ்மீரில் மன்சூர் வரைந்த மலர்கள் நூற்றுக்கு மேல் என்று ஜஹாங்கீர் எழுதுவதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வசந்தத்தில் நூறு மலர்களின் கோட்டை எடுக்கலாம்; நூறையும் மெருகேற்றி முடிக்க முடியாது.

இந்தப் பக்க அமைப்பு ஐரோப்பியச் செதுக்குப் படங்களின் தாக்கத்தால் வந்தது என்ற மறுப்பு எழும். அவை அவையில் இருந்தன; ஓவியர்கள் படியெடுத்தார்கள். ஆயினும் பாபர்நாமாவின் விலங்குப் பக்கத்தை விளக்க அவை தேவையில்லை. துல்லியமே நேரில் வரைந்ததற்குச் சான்று என்பது இன்னொரு மறுப்பு. துல்லியம் நினைவாற்றலுக்கும் நல்ல குறிப்புக்கோட்டுக்கும்கூடச் சான்றாகும்.

கடினமான நேர்வு வரிக்குதிரைதான். 1621இல் வந்த அந்த விலங்குக்கு யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று ஐயம் எழுந்தது. ஆராய்ந்தபின் வரிகள் பிறவியிலேயே உள்ளவை என்று தெளிந்தது. ஜஹாங்கீர் அதை விதி என்னும் ஓவியனின் கைவண்ணமாகப் பேசுகிறார். இங்கே திருத்துவதற்குப் பழைய பக்கம் எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உண்டு. கழுதைப் பக்கம் உண்டு, குதிரைப் பக்கம் உண்டு. ஓவியத்தின் மேல் பேரரசர் தம் கையால் எழுதியிருப்பதே இதற்கு விடை: மீர் ஜாபருடன் வந்த துருக்கியர் அபிசீனியாவிலிருந்து கொண்டுவந்த கோவேறு கழுதை, சாயல் எடுத்தவர் நாதிர்-உல்-அஸ்ர் (காலத்தின் அரியவர்) உஸ்தாத் மன்சூர். வரி போட்ட கோவேறு கழுதையாகத்தான் அவர்கள் அதைக் கண்டார்கள். அப்படித்தான் அது பக்கவாட்டில், வெற்றுத் தளத்தில் நிற்கிறது. ஓவியம் அரண்மனைத் தொகுப்பில் சேர்ந்தது. விலங்கு ஈரானின் ஷா அப்பாஸுக்குப் பரிசாகப் போயிற்று.